எழும்பூர் நிலையம்: முகப்பைப் பேசினோம், நடைமேடையைப் பேசுவோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எழும்பூர் ரயில் நிலையம் ரூ.734.91 கோடி செலவில் புதுப்பிக்கப்படுவது பற்றித் தொடர்ந்து செய்தி வெளியிட்டு வருகிறீர்கள். 2022 மே 26 அன்று அடிக்கல் நாட்டியதில் இருந்து வந்த செய்திகளைச் சேர்த்துப் பார்த்தால் பெரும்பகுதி கட்டடத்தைப் பற்றியதாகவே இருக்கிறது. காந்தி இர்வின் சாலைப் பக்கமும் பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பக்கமும் புதுக் கட்டடங்கள், அடுக்குமாடி வாகன நிறுத்தம், வருவோருக்கும் புறப்படுவோருக்கும் தனித்தனி வழி என்று படங்களோடு வருகிறது. எந்த நடைமேடை எவ்வளவு நீளத்தில் அமையும், வேலை முடியும்வரை எந்த வண்டி எங்கிருந்து புறப்படும், ஆட்டோவில் வந்து இறங்கும் முதியவர் தன் பெட்டிக்குப் போய்ச் சேர எத்தனை படி ஏறி இறங்க வேண்டும் என்பதெல்லாம் பேச்சில் வருவதே இல்லை. எழும்பூரின் கதையைத் திரும்பிப் பார்த்தால், அந்த நிலையத்தின் தலையெழுத்தை ஒவ்வொரு முறையும் மாற்றியது தண்டவாளம்தான். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுத நேர்கிறது.

‘தெற்கே போனால் எழும்பூர், வடக்கே மேற்கே போனால் சென்ட்ரல்’ என்பது சென்னைக்காரர்களுக்குப் பாலபாடம். ஆனால் திசையைப் பார்த்து யாரும் அப்படிப் பாகம் பிரிக்கவில்லை. இரண்டு கம்பெனிகள், இரண்டு விதத் தண்டவாளங்கள் இருந்தன. 1873-இல் திறக்கப்பட்ட சென்ட்ரல், மெட்ராஸ் ரயில்வே கம்பெனியுடையது; அதன் பாதை 1,676 மில்லிமீட்டர் அகலப் பாதை. எழும்பூர், திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்திய ரயில்வே கம்பெனியுடையது. அதன் பாதை 1,000 மில்லிமீட்டர் மீட்டர் கேஜ். ஒன்றின் பெட்டி மற்றொன்றின் தண்டவாளத்தில் ஓடவே முடியாது. பம்பாயில் இருந்து மதுரைக்குப் போகிற குடும்பம் மூட்டை முடிச்சுகளோடு சென்ட்ரலில் இறங்கி, வண்டி பிடித்து, இரண்டு கிலோமீட்டர் கடந்து எழும்பூரில் மறுபடி ஏற வேண்டியிருந்தது. சரக்குக்கும் அதே கதிதான்: இறக்கி ஏற்ற வேண்டும். 1944 ஏப்ரல் 1-இல் தென்னிந்திய ரயில்வே அரசு கைக்கு வந்தது. 1951 ஏப்ரல் 14-இல் மூன்று ரயில்வேக்கள் இணைந்து தெற்கு ரயில்வே உருவானது. நிர்வாகம் ஒன்றான பிறகும் தண்டவாளம் இரண்டாகவே இருந்ததால் நிலையங்களும் இரண்டாகவே நீடித்தன.

இன்று எழும்பூர் முழுவதும் அகலப் பாதை. கன்னியாகுமரியில் இருந்து ஹவுராவுக்குப் போகும் வண்டி எழும்பூர் வழியாகவே வடக்கே போகிறது: எழும்பூர், பூங்கா, கோட்டை, கடற்கரை, ராயபுரம், கொருக்குப்பேட்டை என்று நகரின் கிழக்கு ஓரத்தைச் சுற்றி, ஆந்திரத்துக்குப் போகும் கூடூர் பாதையைப் பிடிக்கும். ஆகவே பழைய எல்லைக்கோடு இப்போது தண்டவாளத்தில் இல்லை. பெட்டிகளைப் பராமரிக்கும் பணிமனைகளிலும் கால அட்டவணையிலும் நம் பழக்கத்திலும்தான் இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டால், ‘எழும்பூர் வண்டியை ஏன் தாம்பரத்துக்கு மாற்றினார்கள், ஏன் கடற்கரைக்கு மாற்றினார்கள்’ என்ற கேள்விக்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

கட்டடத்தின் கதை பலரும் எழுதியதுதான், சுருக்கமாகச் சொல்கிறேன். 1905 செப்டம்பரில் வேலை தொடங்கி, 1908 ஜூன் 11 அன்று நிலையம் திறக்கப்பட்டது. வடிவமைத்தவர் ஹென்றி இர்வின். மைசூர் அரண்மனையும் அவருடைய கைவண்ணம். கட்டிக் கொடுத்தவர் பெங்களூர் ஒப்பந்ததாரர் டி.சாமிநாத பிள்ளை. செலவு ரூ.17 லட்சம். தேவைப்பட்ட நிலம் புல்னி ஆண்டி என்ற மருத்துவரிடம் ஒரு லட்ச ரூபாய்க்கு வாங்கப்பட்டது. வாசலில் உள்ள சாலையின் பெயரில் இருக்கும் இர்வின் இவர் அல்லர். 1931-இல் காந்தியடிகளோடு ஒப்பந்தம் செய்துகொண்ட வைஸ்ராய் இர்வின் பிரபு அவர். இருவரையும் ஒருவராகவே நினைப்போர் உண்டு என்பதால் குறிப்பிடுகிறேன்.

அந்தச் சிவப்பு வெள்ளைக் கட்டடத்துக்கு முன்னும் பின்னும் நடந்தவைதான் எழும்பூரை எழும்பூராக்கின. இலங்கைக்குப் போகும் தபாலும் பயணிகளும் முதலில் ரயிலில் தூத்துக்குடி வரை சென்று, அங்கிருந்து கப்பலில் கொழும்புக்குப் போனார்கள். 1914 பிப்ரவரி 24-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும், போட் மெயில் என்ற இந்தக் கப்பல் இணைப்பு வண்டி தனுஷ்கோடிக்குத் திரும்பியது. அங்கிருந்து நீராவிப் படகில் தலைமன்னார், தலைமன்னாரில் மறுபடி ரயில் ஏறிக் கொழும்பு. எழும்பூரிலேயே கொழும்புக் கோட்டை நிலையம்வரை ஒரே டிக்கெட் எடுக்கலாம். 1964 டிசம்பர் 22 இரவுப் புயல் தனுஷ்கோடியை அழித்த பிறகு படகு ராமேஸ்வரத்துக்கு மாறியது. இலங்கைப் போரின் தொடக்கத்தில், 1984-இல், அதுவும் நின்றது. போட் மெயில் என்ற பெயர் மட்டும் இன்றும் ராமேஸ்வரம் வண்டிக்கு வழங்குகிறது. எழும்பூரின் வரலாற்றுப் பலகை ஒன்று வைப்பதாக இருந்தால் அதில் முதலில் இடம்பெற வேண்டியது இந்தச் செய்திதான் என்பது என் கருத்து. ஈழத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் இடையே அன்றாடப் போக்குவரத்து நடந்த வாசல் இது.

அடுத்த இரண்டு மாற்றங்களும் பாதையில் வந்தவைதான். 1920-களின் இறுதியில் விழுப்புரத்தில் இருந்து விருத்தாசலம் வழியாகத் திருச்சிக்குக் கார்டு லைன் என்ற குறுக்குப் பாதை போடப்பட்டது. அதுவரை கடலூர், சிதம்பரம், மாயவரம், கும்பகோணம், தஞ்சாவூர் என்று காவிரிக் கரையைச் சுற்றிப் போன வண்டிகள் நேராகப் போக வழி பிறந்தது. இன்றும் எழும்பூரில் இருந்து திருச்சிக்கு 336 கிலோமீட்டர் என்பது கார்டு லைன் கணக்கு. 1931 மே 11-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் பொதுமக்களுக்காக ஓடத் தொடங்கியது. இந்தியாவில் மீட்டர் கேஜில் மின்சார ரயில் ஓடியது அங்கேதான் முதல்முறை. 1,500 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடிய அந்தப் பாதை 1960-களில் 25,000 வோல்ட் மாறுமின்சாரத்துக்கு மாறி, விழுப்புரம்வரை நீண்டது. ஜப்பானில் செய்த மின்சார இன்ஜின்கள் எழும்பூரில் இருந்து விழுப்புரம்வரை வண்டியை இழுத்துச் செல்லும். அங்கே அதைக் கழற்றிவிட்டு, நீராவி இன்ஜினோ டீசல் இன்ஜினோ மாட்டுவார்கள். 1977 ஆகஸ்ட் 15-இல் வைகை எக்ஸ்பிரஸ் பகல் வண்டியாக வந்தபோதும் எழும்பூர் மீட்டர் கேஜ்தான். 1990-களின் பிற்பகுதியில்தான் அகலப் பாதை திருச்சி வழியாகத் தெற்கே முழுமையாகத் திறந்தது. தாம்பரம் மீட்டர் கேஜ் மின்சார ரயில் 2004 ஜூலை 1-இல் விடைபெற்றது.

இங்கேதான் இன்றைய சிக்கலின் வேர் இருக்கிறது. மீட்டர் கேஜ் வண்டிக்காக அமைத்த நிலையத்தில் அகலப் பாதை வண்டியை நிறுத்த வேண்டியதாயிற்று. நடைமேடைகளை நீட்டினார்கள், கூட்டினார்கள். ஆனாலும் பதினொரு நடைமேடைகளும் ஒரே மாதிரி அமையவில்லை. 1, 2, 3 குட்டையானவை. 4 முதல் 9 வரை நெடுந்தூர வண்டிகளுக்கு. 10, 11 மின்சார ரயிலுக்கு. ‘பதினொரு நடைமேடை இருந்தும் வண்டியை ஏன் வெளியே காக்க வைக்கிறார்கள்’ என்று கேட்பவர்களுக்கு விடை இதுதான்: நீண்ட வண்டி நிற்கக்கூடிய நடைமேடை அதில் பாதி அளவுதான்.

நீளத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலையின் பழைய வகை நீலப் பெட்டி இணைப்போடு சேர்த்து ஏறத்தாழ 22.3 மீட்டர். இப்போது எங்கும் ஓடும் எல்.எச்.பி. என்ற புதிய வகைப் பெட்டி ஏறத்தாழ 24 மீட்டர். பழைய பெட்டி 24 சேர்ந்தால் 535 மீட்டர். புதிய பெட்டி 22 சேர்ந்தாலே 528 மீட்டர். முன்னால் இன்ஜினுக்கு 20 மீட்டர் சேர்த்தால் இரண்டும் 550 மீட்டரை ஒட்டி வந்துவிடும். அதனால்தான் எல்.எச்.பி.க்கு மாறிய வண்டிகளில் பெட்டி குறைந்தது. ஸ்லீப்பரில் ஒரு பெட்டிக்கு 72 படுக்கை இருந்தது 80 ஆனதால், ஒன்பது புதிய பெட்டிகள் பத்து பழைய பெட்டிகளுக்குச் சமம். ஆகவே ஸ்லீப்பரில் இழப்பு பெரிதில்லை. ஆனால் வண்டியை இன்னும் இரண்டு பெட்டி நீட்ட வேண்டும் என்றால் நடைமேடை நீண்டாக வேண்டும். 2023 செப்டம்பர் 24-இல் எட்டுப் பெட்டியோடு வந்த திருநெல்வேலி வந்தே பாரத், பிறகு 16 ஆகி, 2025-இல் 20 பெட்டி ஆனது. எட்டுப் பெட்டி என்றால் 200 மீட்டருக்குள் அடங்கும். எந்த மூலையிலும் நிறுத்தலாம். 20 பெட்டி என்றால் 480 மீட்டர் வேண்டும். கூட்டம் அதிகரிக்க அதிகரிக்க வண்டி நீளும். நடைமேடை நீளாவிட்டால் புது வண்டி கேட்கவே முடியாது. ஆகவே புதுப்பிப்பு முடியும்போது 24 எல்.எச்.பி. பெட்டியும் இன்ஜினும் நிற்கக்கூடிய, அதாவது 600 மீட்டர் நீள, நடைமேடைகள் எத்தனை இருக்கும் என்பதை ரயில்வே எண்ணோடு சொல்ல வேண்டும். கண்ணாடிக் கூரையைவிட இந்த ஒரு எண்தான் தென்மாவட்டப் பயணிகளின் அடுத்த முப்பது ஆண்டுகளைத் தீர்மானிக்கும்.

அடுத்தது படிக்கட்டு. சென்ட்ரல் முனைய நிலையம். தண்டவாளம் அங்கே முடிந்துவிடுவதால், தலைப்பகுதியில் நின்று பக்கவாட்டில் நடந்தால் படியேறாமலே எல்லா நடைமேடைக்கும் போய்விடலாம். எழும்பூர் வழி நிலையம். தண்டவாளம் ஒருபுறம் பூங்காவுக்கும் மறுபுறம் சேத்துப்பட்டுக்கும் போவதால், முதன்மைக் கட்டடத்தை ஒட்டியுள்ள நடைமேடையைத் தவிர மற்றவற்றுக்கு மேலே ஏறித்தான் போக வேண்டும். ஒரு காலத்தில் எழும்பூரின் தனிச்சிறப்பே, காரை நடைமேடைவரை ஓட்டி வந்து பெட்டிக்கு எதிரிலேயே இறங்கலாம் என்பதுதான். பாதுகாப்புக் கருதி அது நின்றுபோனதில் தவறில்லை. ஆனால் அந்த வசதிக்கு ஈடாக எதுவும் வரவில்லை.

புதிய திட்டத்தில் தண்டவாளங்களுக்கு மேலே அகலமான காத்திருப்புத் தளம் வருகிறது. அதாவது எல்லோரும் மேலே ஏறி, அங்கே காத்திருந்து, வண்டி வந்ததும் இறங்க வேண்டும். ஆயிரம் பேருக்கு மேல் ஏறும் வண்டி, நடைமேடைக்கு வந்து புறப்பட அரை மணி நேரமே இருக்கும்போது, எல்லோரும் ஒரே சமயத்தில் இறங்குவார்கள். அதே நேரம் பக்கத்து நடைமேடையில் வந்திறங்கியவர்கள் ஏறுவார்கள். நகரும் படிக்கட்டு ஒன்று பழுதானால்கூட அங்கே நெரிசல்தான். ஒவ்வொரு நடைமேடைக்கும் குறைந்தது இரண்டு மின்தூக்கிகள், ஒன்றில் ஸ்ட்ரெச்சர் நுழையும் அகலம், இரண்டும் வெவ்வேறு முனையில் என்று இருந்தால்தான் தாங்கும். மின்தடையில் ஜெனரேட்டர் இணைப்பு மின்தூக்கிக்கு உண்டா, பராமரிப்பு ஒப்பந்தத்தில் பழுது நீக்க எத்தனை மணி நேரம் என்று எழுதியிருக்கிறார்களா என்பதையும் கேட்டாக வேண்டும். மின்தூக்கியை வைப்பது எளிது. ஓட வைப்பதில்தான் எல்லா நிலையங்களிலும் கோட்டை விடுகிறார்கள்.

நெரிசலைப் பெருக்கும் இன்னொன்று, கடைசி நேரத்தில் நடைமேடையை மாற்றி அறிவிப்பது. அது அலட்சியத்தால் மட்டும் நடப்பதில்லை. எழும்பூரில் முடியும் வண்டி பயணிகளை இறக்கியதும், காலிப் பெட்டிகளைச் சேத்துப்பட்டுப் பக்கம் உள்ள கோபாலசாமி நகர் பணிமனைக்கு இழுத்துச் செல்ல வேண்டும். பிட் லைன் எனப்படும், அடியில் குழி உள்ள பராமரிப்புத் தண்டவாளத்தில் கழுவி, அடிப்பகுதியைச் சோதித்து, தண்ணீர் நிரப்பி, படுக்கைத் துணி ஏற்றி முடிக்க ஏறத்தாழ ஆறு மணி நேரம் பிடிக்கும். பிறகு மறுபடி நடைமேடைக்குக் கொண்டுவர வேண்டும். காலிப் பெட்டிகள் வரவும் போகவும் ஓடுகிற பாதையும் பயணிகள் வண்டி ஓடுகிற பாதையும் ஒன்றையொன்று வெட்டுகின்றன. காலையில் ஒரு வண்டி ஒரு மணி நேரம் தாமதமாக வந்தால் அதன் நடைமேடை ஒரு மணி நேரம் தாமதமாகவே காலியாகும். மாலைக்குள் அந்தத் தாமதம் மூன்று வண்டிகளைத் தொட்டுவிடும். புதுப்பிப்பு வேலைக்காக இரண்டு நடைமேடையை மூடினால் சில வண்டிகள் வெளியே போயே தீர வேண்டும் என்பதும் இதனால்தான். தாம்பரத்துக்கும் கடற்கரைக்கும் சில வண்டிகளை மாற்றியதைக் குறை சொல்ல முடியாது. எந்த வண்டி, எந்தத் தேதிவரை, திரும்பி வருமா என்பதை ஒரே இடத்தில் முழுப் பட்டியலாகச் சொல்லாததைத்தான் குறை சொல்ல வேண்டியிருக்கிறது.

காலக்கெடு விஷயத்தில் மக்கள் சந்தேகப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. எழும்பூரில் இருந்து தாம்பரம்வரை நான்கு பாதை உண்டு. எழும்பூரில் இருந்து கடற்கரைவரை மூன்றுதான் இருந்தது. இரண்டில் மின்சார ரயில், மீதி ஒன்றில் போகும் எக்ஸ்பிரஸும் வரும் எக்ஸ்பிரஸும் சரக்கு வண்டியும் முறை வைத்துப் போக வேண்டியிருந்தது. இந்த 4 கிலோமீட்டர்க் குறுகலைத் தீர்க்கத்தான் நான்காவது பாதை போட்டார்கள். தேவையான வேலை, தெற்கு வண்டிகள் சென்னையைத் தாண்டி வடக்கே போக இதைவிட்டால் வழியில்லை. ஆனால் அதற்காக 2023 ஆகஸ்ட் 27 முதல் சிந்தாதிரிப்பேட்டைக்கும் கடற்கரைக்கும் இடையே பறக்கும் ரயிலை நிறுத்தியபோது ஏழு மாதம் என்றார்கள். ரயில் மறுபடி ஓடியது 2024 அக்டோபர் 29 அன்று. பதினான்கு மாதம் ஆகிவிட்டது. இடையில் எப்போது திறக்கும் என்று தெரியாமல் மயிலாப்பூர், திருவான்மியூர், வேளச்சேரிப் பயணிகள் பேருந்தை நம்பி அலைந்தார்கள். எழும்பூரில் அதே கதை வேண்டாம். மாதத்துக்கு ஒருமுறை, எந்த நடைமேடையில் வேலை எவ்வளவு முடிந்தது, அடுத்து எதை மூடப்போகிறார்கள், மூடியது எப்போது திறக்கும் என்று ஒரு பக்க அறிக்கை போதும்.

வேலை முடியும்வரை எழும்பூரைப் பயன்படுத்துவோர் கவனிக்க வேண்டியவை சில. உங்கள் வாசகர்களுக்குப் பயன்படும் என்று நம்புகிறேன்.

முன்பதிவு செய்யும்போது நிலையக் குறியீட்டைப் பாருங்கள். எழும்பூர் எம்.எஸ்.; சென்ட்ரல் எம்.ஏ.எஸ்.; கடற்கரை எம்.எஸ்.பி.; தாம்பரம் டி.பி.எம். ஒரு எழுத்து மாறினால் வேறு நிலையம். டிக்கெட்டில் ‘சென்னை’ என்ற சொல்லை மட்டும் பார்த்துவிட்டு வெளியூர் உறவினருக்குச் சொல்வதால்தான், வண்டி எழும்பூரில் நிற்கும்போது ஆள் சென்ட்ரலில் நிற்பது இன்னும் நடக்கிறது. முன்பதிவு 2024 நவம்பர் 1 முதல் 60 நாட்களுக்குத்தான். இந்த 60 நாட்களுக்குள் புறப்படும் நிலையம் மாறலாம் என்பதால், பயணத்துக்கு முந்தின நாள் ரயில்வே உதவி எண் 139-ஐ அழைத்தோ ரயில்ஒன் செயலியிலோ ஒருமுறை சரிபார்த்துவிடுவது நல்லது. மாற்றம் குறித்த குறுஞ்செய்தி, டிக்கெட் எடுத்தபோது கொடுத்த எண்ணுக்குத்தான் வரும். முகவரோ மகனோ தன் எண்ணைக் கொடுத்து எடுத்திருந்தால், பயணம் செய்யும் பெரியவருக்கு அது தெரியாமலே போய்விடும். பயணியின் எண்ணையே கொடுங்கள்.

தாம்பரத்திலோ செங்கல்பட்டிலோ ஏற வசதி உள்ளவர்கள், எழும்பூர் டிக்கெட்டில் ஏறும் நிலையத்தை இணையத்தில் முன்கூட்டியே மாற்றிக்கொள்ளலாம். அதற்குக் கட்டணம் இல்லை. ஆனால் மாற்றிய பிறகு எழும்பூரில் ஏறும் உரிமை போய்விடும். மாற்றாமல் தாம்பரத்தில் போய் நின்றால், ‘வரவில்லை’ என்று குறித்து உங்கள் படுக்கையை வேறு ஒருவருக்குக் கொடுத்திருக்க வாய்ப்புண்டு. அப்போது பரிசோதகரிடம் வாதாடிப் பயனில்லை; விதி அவர் பக்கம். வண்டி பாதை மாறி, நீங்கள் ஏற வேண்டிய நிலையத்துக்கே வராமல், நீங்களும் பயணம் செய்யாவிட்டால், அந்த நிலையத்தில் வண்டி புறப்பட வேண்டிய நேரத்தில் இருந்து 72 மணி நேரத்துக்குள் டி.டி.ஆர். என்ற மனுவைப் பதிவு செய்து பணத்தைத் திரும்பக் கேட்கலாம். மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்று பயணத்தைக் கைவிட்டால் மட்டும், வண்டி உண்மையில் புறப்படும் முன்பே பதிவு செய்துவிட வேண்டும். பலர் வீட்டுக்குப் போய் மறுநாள் பதிவு செய்து பணத்தை இழப்பது இந்த வேறுபாடு தெரியாமல்தான்.

சென்ட்ரலில் இறங்கி எழும்பூருக்கு மாறுவோருக்கு ஆட்டோ பேரம் தேவையில்லை. சென்ட்ரலுக்கு எதிரே சுரங்கப்பாதை வழியாகப் பூங்கா நிலையத்துக்குப் போய், தாம்பரம் பக்கம் போகும் மின்சார ரயிலில் ஏறினால் அடுத்த நிறுத்தம் எழும்பூர்; 5 ரூபாய் டிக்கெட். பெட்டி கனமாக இருந்தால் மெட்ரோ நல்லது. அதிலும் ஒரே நிறுத்தம்தான், 2018 மே 25 முதல் இந்த வசதி இருக்கிறது, மின்தூக்கியும் உண்டு. இரண்டு வண்டிக்கும் இடையே குறைந்தது ஒன்றரை மணி நேரம் விட்டு முன்பதிவு செய்யுங்கள். வண்டி தாம்பரத்துக்கு மாறியிருந்தால் இன்னும் ஒரு மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். எழும்பூரில் இருந்து தாம்பரம் 25 கிலோமீட்டர். மின்சார ரயிலுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். அலுவலக நேரத்தில் பெட்டியோடு ஏறுவது கடினம்.

முன்பதிவில்லாப் பெட்டியில் போகிறவர்களுக்கு ஒன்று. தெற்கே போகும் வண்டியின் இன்ஜின் சேத்துப்பட்டுப் பக்கம் இருக்கும். பொதுப் பெட்டிகள் பெரும்பாலும் இன்ஜினை ஒட்டியும் வண்டியின் கடைசியிலும் இருக்கும். படிக்கட்டில் இறங்கியதும் கூட்டம் நிற்கிற நடுப்பகுதியில் அவை வராது. வண்டி வந்த பிறகு ஓடாமல் முன்பே ஒரு முனைக்குப் போய் நிற்க வேண்டும். 200 கிலோமீட்டருக்குக் குறைந்த தூரத்துக்கு எடுத்த டிக்கெட்டில் மூன்று மணி நேரத்துக்குள் பயணத்தைத் தொடங்கியாக வேண்டும். விழுப்புரம் அந்த எல்லைக்குள் வருகிறது, திருச்சி வராது. அதைத் தாண்டிய ஊர்களுக்கு மூன்று நாள் முன்பே முன்பதிவில்லா டிக்கெட் எடுத்துவிடலாம். பொங்கல், தீபாவளிக்கு முந்தின நாள் கவுன்ட்டரில் அல்லாடாமல் இருக்க இது போதும். வழியனுப்ப வருவோரின் 10 ரூபாய் நடைமேடை டிக்கெட் இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் செல்லும். பொருட்களை வைத்துவிட்டு ஊருக்குள் போகிறவர்கள் பெட்டியைப் பூட்டித்தான் பொருள் காப்பறையில் கொடுக்க முடியும். பூட்டில்லாத பையை வாங்கமாட்டார்கள், பயணச் சீட்டும் அடையாள அட்டையும் வேண்டும். வேலை நடப்பதால் காப்பறை, காத்திருப்பு அறை, கழிப்பறை எல்லாம் இடம் மாறிக்கொண்டே இருக்கும். உள்ளே நுழைந்ததும் கேட்டுக்கொள்வது நேரத்தை மிச்சப்படுத்தும்.

இவற்றில் பயணியின் தலையில் கட்டக் கூடாதவையும் இருக்கின்றன. எழும்பூர்வரை கட்டணம் கொடுத்தவரைத் தாம்பரத்தில் இறக்கினால், அதே டிக்கெட்டைக் காட்டி மின்சார ரயிலில் எழும்பூர்வரை வரலாம் என்று தெற்கு ரயில்வே வெளிப்படையாக உத்தரவிட வேண்டும். விடியற்காலை நான்கு மணிக்குத் தாம்பரத்தில் வந்து நிற்கும் வண்டிகளுக்கு ஏற்ப மின்சார ரயிலின் முதல் சேவையை முன்னால் தள்ள வேண்டும். அந்த நேரத்தில் குடும்பத்தோடு நிற்பவர் கேட்ட காசைக் கொடுத்துத்தான் போக வேண்டியிருக்கிறது. எழும்பூரின் இரண்டு வாசலிலும், மாம்பலத்திலும், சென்ட்ரலிலும், ‘இன்று எழும்பூரில் இருந்து புறப்படாத வண்டிகள்’ என்று ஒரு பலகை தமிழில் பெரிய எழுத்தில் வைக்க வேண்டும். மின்னணுப் பலகைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. கையால் எழுதினாலும் போதும். நடைமேடை மாற்றத்தை வண்டி புறப்பட 20 நிமிடத்துக்குள் அறிவிக்க நேர்ந்தால், வண்டியை 10 நிமிடம் தாமதமாக விட நிலைய அதிகாரிக்கு அதிகாரம் கொடுக்க வேண்டும். படிக்கட்டு நெரிசலில் யாரும் விழுவதைவிட அந்தப் பத்து நிமிடம் பெரிதில்லை. விழுப்புரத்துக்குள்ளேயே அதை ஈடுகட்டும் அளவுக்குப் பெரும்பாலான அட்டவணைகளில் இடம் இருக்கிறது.

தாம்பரத்துக்குப் போன வண்டிகளில் எவை நிரந்தரமாக அங்கேயே இருக்கப் போகின்றன என்பதையும் இப்போதே சொல்லிவிட வேண்டும். தென்சென்னைக்காரருக்குத் தாம்பரம் வசதி. வடசென்னைக்காரருக்கும் சென்ட்ரலில் இருந்து மாறுவோருக்கும் அது இரட்டைச் செலவு. இரு தரப்பையும் அழைத்துப் பேசி, ஒவ்வொரு ஊருக்கும் குறைந்தது ஓர் இரவு வண்டியாவது எழும்பூரில் இருந்து புறப்படும் என்று உறுதி கொடுத்த பிறகே அடுத்த கால அட்டவணையை அச்சிட வேண்டும். நடைமேடைகளின் நீளப் பட்டியலையும் அதோடு சேர்த்து வெளியிடுமாறு தெற்கு ரயில்வேயை உங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
வாசகர்,
சென்னை 600 008